நீராவி அளந்த தொலைவுகள்

ரேடியோ அலைகளைக் கொண்டு வானத்தை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் மங்கலான படங்களோடுதான் பணியாற்ற வேண்டியிருந்தது. அருகருகே உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் திறனாகிய பிரிதிறன், அலைநீளம் கூடக்கூடக் குறையும். தொலைநோக்கியின் விட்டம் பெருகப்பெருக உயரும். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ரேடியோ அலை, கண்ணுக்குத் தெரியும் ஒளியலையைவிட ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு நீளமானது என்பதால், ஒரு மீட்டர் விட்டமுள்ள ஒளித் தொலைநோக்கிக்கு ஈடான கூர்மையைப் பெற, இருபது கிலோமீட்டர் விட்டமுள்ள உலோகக் கிண்ணம் வேண்டும். அத்தகைய கிண்ணத்தைக் கட்ட இயலாது. ஆனால், வெகுதொலைவில் தனித்தனியே நிற்கும் சிறு கிண்ணங்கள் ஒரே பொருளை ஒரே வேளையில் நோக்கி, பெற்ற அலைகளை அணுக் கடிகாரத்தின் நேரக்குறிப்போடு பதிவுசெய்ய, அப்பதிவுகளைப் பின்னர் ஓரிடத்தில் சேர்த்துக் கணக்கிட்டால், கிண்ணங்களுக்கு இடைப்பட்ட தூரமே அக்கூட்டுக் கருவியின் விட்டமாகிவிடுகிறது. மிக நீண்ட அடிக்கோட்டுக் குறுக்கீட்டு முறை எனப்படும் இது 1967இல் முதன்முதலாக வெற்றி பெற்றது. 1993இல் அமெரிக்காவில் தொடங்கிவைக்கப்பட்ட வி.எல்.பி.ஏ. அணியில், ஹவாயின் மௌனா கியா மலை முதல் கரீபியக் கடலின் செயின்ட் குரோய் தீவு வரை, 25 மீட்டர் விட்டமுள்ள பத்துக் கிண்ணங்கள் உள்ளன. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்த அந்த அணி, நிலவின் பரப்பில் சற்றேறக்குறைய அரை மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்தறியும் கூர்மை உடையது.

கூர்மை இவ்வளவு கூடும்போது, பரந்து கிடக்கும் வாயுவின் மெல்லிய ஒளிர்வு கருவியின் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. மிகச் சிறிய இடத்திலிருந்து மிகுந்த செறிவோடு வரும் அலைகளை மட்டுமே அதனால் காண முடியும். அத்தகைய அலைகளைத் தருபவற்றுள் ஒன்று, கேலக்ஸி எனப்படும் பேரடைகளில் சிலவற்றின் முனைப்பான நடுப்பகுதி. மற்றொன்று மேசர். இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு அளக்க உதவின என்பதே இப்பகுதியின் பொருள்.

மூலக்கூறுகள் பெரும்பாலும் தாழ்ந்த ஆற்றல் நிலையிலேயே இருப்பவை. புதிதாகப் பிறக்கும் விண்மீனிலிருந்து பீறிடும் வாயு, சுற்றிலும் உள்ள முகிலின்மீது மோதிச் சூடேற்றும்போது, அங்குள்ள நீராவியில் உயர்நிலை மூலக்கூறுகளின் எண்ணிக்கை தாழ்நிலையில் உள்ளவற்றை மிஞ்சிவிடுகிறது. அவ்வழியே செல்லும் 1.35 சென்டிமீட்டர் அலை, எதிர்ப்படும் மூலக்கூறு ஒவ்வொன்றையும் தூண்டித் தன்னையொத்த அலையை வெளிவிடச் செய்து, போகப்போகப் பெருகுகிறது. ஒளியில் லேசர் செய்வதை ரேடியோ அலையில் செய்யும் இந்நிகழ்வே மேசர். 1954இல் இதை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டி, 1964இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சார்ல்ஸ் டவுன்ஸ்தான், 1969இல் தம் குழுவினருடன் ஓரியன் உள்ளிட்ட பகுதிகளில் நீராவி மேசரைக் கண்டறிந்தவர். மனிதர் முயன்று கண்ட ஒரு நுட்பம் விண்வெளியில் இயற்கையாகவே நடந்துவருவது தெரியவந்தது வியப்புக்குரியது. அந்த மேசர்களை நோக்கும் கிண்ணங்களின் அணுக் கடிகாரங்களும் ஹைட்ரஜன் மேசரால் இயங்குபவையே.

விண்மீன்கள் பிறக்கும் பகுதிகளின் தொலைவை அறிவது எளிதாக இருக்கவில்லை. அடர்ந்த தூசுப் படலம் ஒளியை மறைத்துவிடுவதால், ஒளித் தொலைநோக்கியால் அங்குள்ள இளம் விண்மீன்களைப் பார்க்கவே இயலாது. ரேடியோ அலையோ அப்படலத்தைத் தடையின்றிக் கடந்து வருகிறது. எனினும் அண்மைக்காலம் வரை பெரும்பாலோர் கையாண்டது ஊகத்தின்மீது நின்ற ஒரு வழியையே. பால்வழி மண்டலத்தின் வாயு முழுதும் நடுப்பகுதியை வட்டப்பாதையில் சுற்றுகிறது என்று கொண்டு, அலைநீள மாற்றத்தால் தெரியும் வேகத்திலிருந்து தொலைவைக் கணக்கிட்டனர். இதன்படி டபிள்யூ3 என்னும் பகுதியிலுள்ள ஒரு முகில் சுமார் 14,000 ஒளியாண்டு தொலைவில் இருக்க வேண்டும்.

2006இல் வெளியான ஆய்வுக்காகச் சூ யே, மார்க் ரீட் உள்ளிட்ட குழுவினர் அம்முகிலில் மெத்தனால் மூலக்கூறுகள் உண்டாக்கும் மேசர்களை வி.எல்.பி.ஏ. கொண்டு ஓராண்டுக் காலம் தொடர்ந்து நோக்கினர். புவி சூரியனைச் சுற்றுவதால், அருகிலுள்ள பொருள் தொலைவிலுள்ள பின்னணிக்கு எதிரே ஆண்டுக்கொரு முறை சிறிது முன்னும் பின்னும் அசைவதாகத் தோன்றும். இடமாறு தோற்றம் எனப்படும் இவ்வசைவின் அளவு தெரிந்தால், வேறு எந்த ஊகமும் இன்றித் தொலைவு கிடைத்துவிடும். அசையாத பின்னணியாக அவர்கள் கொண்டவை பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள குவாசர்கள், அதாவது முனைப்பான பேரடைகளின் நடுப்பகுதிகள். கிடைத்த கோணம் வில்விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வில்விநாடி என்பதே ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான். அதிலிருந்து பெறப்பட்ட தொலைவு ஏறத்தாழ 6,400 ஒளியாண்டு. பிழை இரண்டு விழுக்காடு. முன்பு சொல்லப்பட்ட தொலைவில் இது பாதிகூட இல்லை. முகில் வட்டப்பாதையின் வேகத்திலிருந்து விலகி ஓடிக்கொண்டிருந்ததே பழைய கணக்கு பிழைத்ததற்குக் காரணம். ஒரு முகிலில் மட்டும் நேர்ந்த பிழை அல்ல அது. அவ்வழியில் வரையப்பட்ட பால்வழி மண்டல வரைபடங்கள் அனைத்தையும் மறுபடி ஆராய வேண்டியதாயிற்று. ஜப்பானின் வேரா அணி, ஒவ்வொரு கிண்ணமும் மேசரையும் குவாசரையும் ஒரே வேளையில் பார்க்கும் வகையில் அமைக்கப்பட்டதால், இப்பணியில் பெரும்பங்கு ஆற்றியது. 2019க்குள் ஏறத்தாழ இருநூறு பகுதிகளின் தொலைவு இம்முறையில் அளக்கப்பட்டு, பால்வழியின் சுருள் கரங்கள் அளவோடு வரையப்பட்டன.

குவாசர்கள் மேசர்களை அளக்க உதவியதைப் போலவே, மேசர்களும் முனைப்பான பேரடையொன்றின் உள்ளத்தை அளந்து காட்டின. வேட்டை நாய்கள் விண்மீன் குழுவில் உள்ள என்.ஜி.சி. 4258 என்னும் பேரடையின் நடுவில் 1980களிலேயே நீராவி மேசர் காணப்பட்டிருந்தது. 1993இல் வெளியான ஆய்வின்படி, ஜப்பானின் நோபேயாமாவில் உள்ள 45 மீட்டர் தொலைநோக்கி, அகன்ற அலைவரிசையில் அதை நோக்கியபோது, பேரடையின் வேகத்தைவிட நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வரை கூடியும் குறைந்தும் மேசர்கள் ஓடுவதை நகாய், இனோவே, மியோஷி ஆகியோர் கண்டனர். வி.எல்.பி.ஏ. அப்புள்ளிகளின் இடத்தைப் படம்பிடித்த 1995ஆம் ஆண்டு முடிவு வானியல் வரலாற்றிலேயே அரிதான தெளிவு உடையது. விளிம்பு நம்மை நோக்கி அமைந்த, சற்றே வளைந்த மெல்லிய வட்டில் ஒன்றில் மேசர்கள் சுற்றுகின்றன. நடுவிலிருந்து விலகவிலக, கோள்களுக்குக் கெப்ளர் கூறிய விதியின்படியே அவற்றின் வேகம் குறைகிறது, அதுவும் ஒரு விழுக்காட்டுக்குட்பட்ட துல்லியத்தோடு. அரை ஒளியாண்டுக்கும் குறைந்த ஆரத்துக்குள் ஏறத்தாழ நான்கு கோடி சூரியன்களின் நிறை அடங்கியிருப்பது இதனால் உறுதியாயிற்று. அவ்வளவு நிறையும் விண்மீன்களாக இருந்தால், அக்கூட்டம் பேரடையின் ஆயுளுக்குள் மோதியோ சிதறியோ அழிந்திருக்கும் என்பதால், அங்கிருப்பது கருந்துளை என்ற முடிவைத் தவிர்ப்பது மிகக் கடினம்.

அதே வட்டில் தொலைவையும் தந்தது. நமக்கு நேரே முன்பக்கத்தில் உள்ள மேசர்களின் வேகம் ஆண்டுக்கு நொடிக்கு ஒன்பது கிலோமீட்டர் அளவில் மாறிக்கொண்டே வருகிறது. அது சுற்றுப்பாதையின் முடுக்கம். வேகமும் முடுக்கமும் தெரிந்தால் பாதையின் ஆரம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். அதே ஆரம் வானத்தில் எத்தனை கோணமாகத் தெரிகிறது என்பது படத்தில் உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டு 1999இல் 2 கோடியே 35 லட்சம் ஒளியாண்டு என்றும், மேலும் பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2019இல் ஏறத்தாழ 2 கோடியே 47 லட்சம் என்றும் கணித்தனர். இரண்டாவதன் பிழை ஒன்றரை விழுக்காடு. விண்மீன்களின் ஒளியளவைப் பற்றிய எந்த ஊகமும் இன்றி, வடிவியலும் இயக்க விதியும் மட்டும் கொண்டு பெறப்பட்டது என்பதால், பிற தொலைவு முறைகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக இப்பேரடை இன்று விளங்குகிறது.

பேரண்டம் விரியும் வீதத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியைப் பற்றிய கருத்துவேறுபாட்டில் இம்முறைக்குத் தனி இடம் உண்டு. தொல்பழங்கால நுண்ணலைப் பின்னணியைக் கொண்ட கணக்கு, ஒரு மெகாபார்செக்குக்கு, அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்கு சுமார் 67.4 கிலோமீட்டர் என்கிறது. மாறொளிர் விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களையும் கொண்ட கணக்கு 73ஐ ஒட்டி நிற்கிறது. ஆறு மேசர் பேரடைகளை மட்டும் கொண்டு 2020இல் வெளியான முடிவு 73.9, பிழை 3. இது உயர்ந்த எண்ணின் பக்கமே சாய்கிறது எனினும், வழக்கை முடித்துவைக்க இத்துல்லியம் போதாது. வட்டிலின் விளிம்பு நம்மை நோக்கி அமைந்திருந்தால்தான் இவ்வகை மேசர் நமக்குத் தெரியும் என்பதால், தேடப்பட்ட ஆயிரக்கணக்கான பேரடைகளுள் மிகச் சிலவே இவ்வளவீட்டுக்கு ஏற்றவையாக இருந்தன. இன்னும் மங்கலான மேசர்களையும் காணவல்ல பெருங்கிண்ணங்கள் இவ்வணிகளில் சேர்ந்தால்தான் அப்பிழை குறையும்.

(தொடரும்)