எக்மோ குழாய்க்குள் ரத்தம் உறையாமல் தடுப்பது எது? பிளாஸ்டிக் மீது பூசப்படும் மருந்து

2020-ல் பாடகர் எஸ்.பி.பி. சிகிச்சையில் இருந்தபோது, 'எக்மோ' என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. உடம்பில் இருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி அது. ரத்தம் போய் வருவது பிளாஸ்டிக் குழாய்களில். சிக்கலே அங்கேதான்.

ரத்தம் ஏன் உறைகிறது?

நம் ரத்த நாளங்களின் உள்சுவர், ரத்தம் உறையாமல் தானே பார்த்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வேலை தெரியாது. ரத்தம் பட்ட சில விநாடிகளிலேயே ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் மேல் தட்டணுக்கள் ஒட்டும். காயம் பட்டதுபோல ரத்தம் உறையத் தொடங்கும். அந்தக் கட்டி மூளைக்கோ நுரையீரலுக்கோ போனால் உயிருக்கே ஆபத்து.

ஊசி மருந்து போதாதா?

உறைவதைத் தடுக்க ஹெப்பாரின் இருக்கிறது. பெரும்பாலும் பன்றிக் குடலில் இருந்து எடுக்கப்படும் மருந்து. ஆனா, அளவு கூடினால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக்கசிவு ஏற்படலாம். குறைந்தால் குழாய் அடைக்கும்.

பூச்சு என்ன செய்யும்?

சரி, மருந்தைக் குழாயின் உள்சுவரிலேயே பூசிவிட்டால்? 1963-ல் அமெரிக்க மருத்துவர் வின்சென்ட் காட் குழுவினர், கிராஃபைட் பூச்சின் மீது ஹெப்பாரினைப் பிடிக்க வைத்தனர். இப்படி லேசாக ஒட்டவைக்கும் மருந்து, ரத்த ஓட்டத்தில் மெல்லக் கரைந்துவிடும். 1980-களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள், ஹெப்பாரின் மூலக்கூறின் ஒரு முனையை மட்டும் பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பால் இணைத்தனர். மறுபகுதி நாணல் போல ரத்தத்தில் ஆடும். ரத்தத்தில் இருக்கும் ஆன்டித்ராம்பின் புரதத்தைப் பிடித்து, உறையவைக்கும் த்ராம்பினை முடக்கும்.

பிரச்னை தீர்ந்ததா?

முழுசா இல்லை. பூச்சு இருந்தாலும், எக்மோ நோயாளிகளுக்குப் பொதுவாக நரம்பு வழியாகவும் ஹெப்பாரின் கொடுக்கப்படுகிறது. சிலரின் உடம்பு ஹெப்பாரினுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை உருவாக்கும். அவர்களுக்குத் தட்டணுக்கள் குறையும், ரத்தமும் அதிகமாக உறையும். அவர்களுக்கு ஹெப்பாரின் பூச்சும் ஆகாது.

மாற்று வழி உண்டா?

பூச்சிகளை வழுக்கி விழவைக்கும் குடுவைத் தாவரத்தைப் பார்த்து, ஹார்வர்டின் வைஸ் நிறுவன ஆய்வாளர்கள் மருந்தே இல்லாத வழுக்குப் பூச்சு ஒன்றை உருவாக்கினர். 2014-ல் வெளியான ஆய்வில், பன்றிகளுக்குப் பொருத்திய குழாயில் ஹெப்பாரின் கொடுக்காமலேயே 8 மணி நேரம் ரத்தம் தடையின்றி ஓடியது. எக்மோவோ பல நாட்கள், சில வாரங்கள்கூட ஓட வேண்டிய கருவி. அதனால்தான் இன்றும் எக்மோ நோயாளியின் ரத்தம், உறைகிறதா கசிகிறதா என்று அடிக்கடி பரிசோதிக்கப்படுகிறது.