நோயாளரை நடக்க விடுங்கள்

தெற்கே தேவேந்திரமுனை, வடக்கே பருத்தித்துறை. இலங்கையின் இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட வழியைக் கால்நடையாகக் கடப்பதென்றால் ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்னும் இருவரும் அவர்தம் தோழர்களும் அத்தூரத்தை 27 நாட்களில் நடந்து முடித்தார்கள். வழிநெடுகிலும் ஆயிரக்கணக்கானோர் உடன் நடந்தனர், பொருளும் உதவினர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்பதே அந்நடையின் நோக்கம். அவ்வாறு சேர்ந்த நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் எழுந்த மருத்துவமனை 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், கொழும்பை அடுத்த மகரகம வரை சென்று, உறவினர் முகம் காணாது சிகிச்சை பெற்றுத் திரும்பிய நம்மவர் எத்தனை பேர்!

முன்பின் அறியாதவர்கள் நமக்காக நடந்தார்கள். ஆனால், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளரை நாம் நடக்க விடுகின்றோமா?

நம் வீடுகளில் நிகழ்வதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். தாய் மெல்ல எழுந்து அடுக்களைப் பக்கம் வருகிறாள். "அம்மா, நீங்கள் எழும்பாதேயுங்கோ, பேசாமல் படுங்கோ, நான் செய்யிறன்" என்று மகள் பதறுகிறாள். குவளைத் தண்ணீரும் கட்டிலுக்கே வருகிறது. இவையெல்லாம் அன்பின் செயல்களே, ஐயமில்லை. ஆயினும், அந்த அன்பே நோயாளரின் வலிமையைக் குறைத்துவிடக்கூடும் என்பதை இன்றைய மருத்துவம் எடுத்துரைக்கின்றது.

இதில் நம்மை மட்டும் குறை கூறுவதற்கில்லை. "ஓய்வே மருந்து" என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும் தரும் களைப்பு, வயலில் உழைத்தவனின் களைப்பைப் போன்றதன்று. உறங்கி எழுந்தாலும் அது தீர்வதில்லை. படுத்தே கிடந்தால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைக்குச் சிறு வேலையும் பெருஞ்சுமையாகிறது. அதனால் களைப்பு மிகுகின்றது. மீண்டும் படுக்கையே கதியாகிறது. இந்தச் சுழலை அறுப்பது அளவான உடற்பயிற்சியே. வாரத்தில் மூன்று நாட்கள், நாளொன்றுக்கு அரை மணி நேர நடை. வாரத்தில் இரண்டு நாட்கள் தசைகளை வலுவூட்டும் பயிற்சி. இவை களைப்பையும் மனச்சோர்வையும் தணிக்கும் என்று பல நாட்டு வல்லுநர் 2019ஆம் ஆண்டில் வழிகாட்டியுள்ளனர். முதல் நாளே அரை மணி நேரம் நடக்க வேண்டுமென்பதில்லை. ஐந்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. பெருங்குடற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 889 பேரைக் கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு உடல்நல அறிவுரை நூல்கள் மட்டும் வழங்கப்பட்டன. மற்றப் பிரிவினர் பயிற்றுநரின் துணையுடன் மூன்றாண்டுகள் உடற்பயிற்சி செய்தனர். எட்டாண்டுகளின் பின், முன்னவரில் நூற்றுக்கு 83 பேரும் பின்னவரில் நூற்றுக்கு 90 பேரும் உயிரோடிருந்தனர். இம்முடிவு 2025ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இனி, நம் நாட்டில் பெண்களை மிகுதியாகத் தாக்கும் மார்புப் புற்றுநோயைக் கவனிப்போம். சத்திரசிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை நீக்கிவிட்டால், அப்பக்கத்துக் கை வீங்கக்கூடும். அந்த அச்சத்தினால் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். தலைவாரவும், கொடியில் சேலை விரிக்கவும் இயலாது போகும். இயன்மருத்துவர் கற்பிக்கும் பயிற்சியோ மிக எளியது. சுவரை நோக்கி நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏறுவது அவற்றுள் ஒன்று. நேற்று எட்டிய இடத்தில் கரிக்கோடு ஒன்று இட்டுவைத்தால், இன்று அதனைத் தாண்டும் மகிழ்ச்சியும் கிட்டும்.

1996ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் டொன் மக்கென்சி என்னும் மருத்துவர், மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைப் படகிலேற்றித் துடுப்பு வலிக்கச் செய்தார். கைகள் வீங்கிவிடும் என்று பலர் அஞ்சினர். புதிதாக எவருக்கும் வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் அத்தகைய பெண்கள் படகு வலிக்கின்றனர்.

ஆண்களை மிகுதியாகப் பீடிப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் அதற்குப் பெருங்காரணம். சத்திரசிகிச்சையாலும் கதிர்ச் சிகிச்சையாலும் தாடை இறுகி, ஒரு பிடி சோற்றை வாயில் வைப்பதும் அரிதாகலாம். தட்டையான மெல்லிய மரத்துண்டுகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாள்தோறும் ஒன்றிரண்டாகக் கூட்டும் பயிற்சி அவ்விறுக்கத்தைத் தளர்த்த உதவுகின்றது.

இவற்றையெல்லாம் தாமாகவே தொடங்குதல் தகாது. எலும்பில் நோய் பரவியவர், காய்ச்சல் உள்ளவர், இரத்தத் தட்டுக்கள் குறைந்தவர், புண் ஆறாதவர் ஆகியோருக்கு விதிகள் வேறு. ஆகையால், மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் வைத்தியரிடம் மருந்துச் சீட்டைப் பெறுவது போலவே, "இவர் எவ்வளவு நடக்கலாம்? எந்தப் பயிற்சியைச் செய்யலாம்?" என்று தவறாது கேளுங்கள். இயன்மருத்துவரிடம் ஒருமுறையேனும் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் உங்கள் பங்கு தொடங்குகிறது. வெயில் தாழ்ந்ததும் தாயின் கையைப் பற்றி வேலியோரமாக அழைத்துச் செல்லுங்கள். இன்று படலை வரை. அடுத்த வாரம் கோயில் வீதி வரை. அவர் கொத்தமல்லி ஆய விரும்பினால் தடுக்காதீர்கள். "படுங்கோ" என்று சொல்வது எளிது. "வாங்கோ அம்மா, நானும் கூட வாறன்" என்று சொல்லி உடன் நடப்பதற்குச் சற்று நேரமும் பொறுமையும் வேண்டும். யாரோ சிலர் நமக்காக 670 கிலோமீற்றர் நடந்தார்கள். நம் வீட்டு நோயாளருடன் நாம் படலை வரையேனும் நடக்கலாகாதா?