கூண்டின் கம்பியும் நாயின் இயல்பும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கொல்லைப்புறத்து நாட்டுக்கோழிகள் பகலெல்லாம் குப்பைமேட்டையும் மாட்டுத்தொழுவத்தையும் கிளறி இரை தேடுவதும், அந்தி சாய்ந்ததும் பஞ்சாரத்தில் அடைக்கப்படுவதும் நெடுங்கால வழக்கம். மூங்கிலால் முடைந்து தரையில் கவிழ்த்து வைக்கப்படும் அடியற்ற பெருங்கூடையே பஞ்சாரம். குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்க அது போதுமென்றாலும், பசித்த நாய் ஒன்று மூக்கால் முட்டினால் சரிந்துவிடும். வீட்டு நாயும் கோழியும் ஒரே முற்றத்தில் வளரும்போது பெரும்பாலோர் நம்பியிருப்பது கூண்டின் வலிமையை அன்று, நாயின் நற்குணத்தையே. இழப்புகளில் பெரும்பகுதி இந்த நம்பிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது.

நாயின் இயல்பைப் புரிந்துகொள்ள, ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட நூலில் விளக்கிய வேட்டைத் தொடர் உதவும். இரையைக் கவனித்தல், உற்றுநோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கடித்துக் கொல்லுதல், கிழித்துத் தின்னுதல் எனச் செல்லும் இந்தப் படிகள் ஓநாயிடம் முழுமையாக இருக்க, மனிதன் தேர்ந்து பெருக்கிய நாய் இனங்களில் சில படிகள் கூர்மையாகியும் சில மங்கியும் போயின. பார்வையால் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களில் துரத்தும் படி மிகக் கூர்மையானது. சிறகடித்து ஓடும் கோழியோ அந்தத் துரத்தலைத் தூண்டுவதற்கென்றே அமைந்ததுபோல் நடந்துகொள்கிறது. ஆகவே வயிறு நிறைந்த நாய் கோழியைத் தொடாது என்பது தவறான கணக்கு. பசியும் துரத்தலும் வெவ்வேறு விசைகளால் இயங்குபவை. தப்பியோட வழியில்லாத கூண்டுக்குள் புகுந்த விலங்கு, தின்னக்கூடிய அளவுக்கு மேலும் கொன்றுகொண்டே போவதை ஹான்ஸ் க்ரூக் என்னும் விலங்கியலாளர் 1972இல் ‘மிகைக் கொலை’ என்று விளக்கினார். இரையின் படபடப்பு அடங்காத வரை கொல்லும் உந்துதலும் அடங்குவதில்லை என்பதால்தான் ஓர் இரவில் கூண்டு முழுவதும் அழிகிறது. அதைச் செய்த நாயைக் கொடியது என்று பழிப்பது நியாயமாகாது.

கோழியின் பக்கமும் ஒரு குறை உண்டு. அதன் விழித்திரை பகலொளிக்கு ஏற்றது. மங்கிய ஒளியில் காண உதவும் செல்கள் அதில் குறைவு. எனவே பகலில் வேலிமேல் பறந்து தப்பும் கோழி, இருட்டியபின் கைக்கு எட்டிய இடத்தில் அசையாமல் அமர்ந்திருக்கும். நாய் மட்டுமின்றி மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி ஆகியவையும் இந்த நேரத்தையே பயன்படுத்திக்கொள்கின்றன.

இத்தனை எதிரிகளுக்கும் ஈடுகொடுக்கும் கூண்டில் முதலில் தீர்மானிக்க வேண்டியது வலை. கடைகளில் கோழி வலை என்றே விற்கப்படும் அறுகோணக் கண்ணுடைய மெல்லிய கம்பிவலை கோழியை உள்ளே நிறுத்துவதற்காக உருவானது. நாயை வெளியே நிறுத்துவதற்கு அதில் வலு இல்லை. வலுவான நாய் பல்லால் பற்றி இழுத்தால் அது பிரிந்துவிடும். அரை அங்குலக் கண்ணும் துத்தநாகப் பூச்சும் உடைய வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் பற்றவைக்கப்பட்ட வலை, விலை கூடினாலும் இங்கே சிக்கனம் பார்க்கலாகாது. அதைச் சட்டத்தில் வெறும் ஆணியால் அடிக்காமல் வாஷர் வைத்துத் திருகாணியால் இறுக்குவதும், கோழி அமரும் கழியை வலையிலிருந்து ஓரடியாவது தள்ளி அமைப்பதும் முக்கியம். வலையை ஒட்டி உறங்கும் பறவையின் காலையோ இறகையோ வெளியிலிருந்தே பற்றி இழுக்கும் வழக்கம் மரநாய்க்கு உண்டு.

மண்ணைத் தோண்டி நுழையும் விலங்குக்கான தடுப்பு எளியது, ஆனால் பெரும்பாலும் செய்யப்படாதது. சுவரின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் மண்ணும் கல்லும் பரப்பினால், நாய் வழக்கப்படி சுவரை ஒட்டித் தோண்டும்போது நகம் கம்பியில் பட்டு நின்றுவிடும். சற்றுப் பின்னால் தள்ளி நின்று தோண்ட வேண்டும் என்று அது அரிதாகவே கண்டுகொள்ளும். மழைக்காலத்துக்காகத் தரையை இரண்டடி உயர்த்தும்போது கம்பித்தளம் போட்டால் எச்சம் கீழே விழுந்து சுத்தமாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த இடைவெளியில் நாய் நுழைந்து கோழியின் விரல்களைக் கடித்துவிடும் என்பதால் கூண்டின் கால்களைச் சுற்றிலும் வலை அடைக்க வேண்டும். கூரைக்குத் தென்னங்கீற்று வேய்வது வெயிலுக்கு நல்லதாயினும் மரநாய் அதை எளிதில் பிரித்துவிடும். ஆகவே கீற்றின் கீழும் வலை தேவை. கதவில் ஒரே கொண்டி இருந்தால் மூக்கால் தூக்கித் திறக்கும் நாய்கள் உண்டு. மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள்கள் இட்டு, தாழ் நழுவாதபடி முள் கோப்பது நல்லது.

அளவைப் பொறுத்தவரை, இரவுக்கு மட்டும் அடைப்பதானால் கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி வேண்டும். பத்துக் கோழிகளுக்கு ஐந்தடி நீளமும் நான்கடி அகலமும் போதும். நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே விழுவது குறையும்.

கூண்டு உறுதியான பிறகே நாயைப் பழக்குவது பொருளுடையதாகிறது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டி தன்னைச் சுற்றியுள்ள உயிர்களை இயல்பானவையாக ஏற்றுக்கொள்ளும் பருவம். அப்போதிருந்தே வலைக்கு வெளியே, கழுத்துப்பட்டையும் கயிறும் இட்டு, கோழியைக் கண்டும் அமைதியாக இருக்கும் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுத்துப் பாராட்டி, தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவர வேண்டும். கோழியைக் கொன்ற நாயின் கழுத்தில் செத்த கோழியைக் கட்டித் தொங்கவிடும் பழைய தண்டனை அந்த விலங்குக்கு எதையும் கற்பிக்காத கொடுமை. தனியே அடங்கியிருக்கும் நாய், இன்னொரு நாயுடன் சேர்ந்தால் துரத்தத் தொடங்குவது பொதுவாகக் காணப்படுவதால், இரண்டு நாய்களைக் கோழிகளிடையே கண்காணிப்பின்றி விடுவது ஒருபோதும் தகாது.

கோழிக்குக் காவலாகவே நாயை வளர்க்க முடியாதா என்றால், முடியும். இத்தாலியிலிருந்து வந்த மரெம்மா இனம் தலைமுறை தலைமுறையாக ஆட்டுமந்தைகளுக்குக் காவலிருந்து வேட்டைத் தொடரின் துரத்தும் படி மங்கிப்போன இனம். ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் நகரை ஒட்டிய மிடில் தீவில், வற்றிய கடலைக் கடந்து வரும் நரிகளால் குறும்பென்குயின்கள் பத்துக்கும் குறைவாகச் சுருங்கியபோது, அந்த நாய்களைக் கொண்டு தன் கோழிகளைக் காத்துவந்த ஒரு பண்ணையாளரின் யோசனைப்படி 2006இல் மரெம்மாக்கள் அங்கே நிறுத்தப்பட்டன, பறவைகளும் பெருகின. ஆனால் 2017இல், கடல் சீற்றத்தால் நாய்கள் தீவுக்குச் செல்ல முடியாமல் போன நாட்களில் நரிகள் மறுபடி புகுந்து ஏராளமான பென்குயின்களைக் கொன்றன. காவல் நாய் இல்லாத இரவு எந்தப் பண்ணையிலும் ஒருநாள் வரும்; அந்த இரவுக்கும் கம்பி தேவை.

நோய் பற்றியும் சில சொல்ல வேண்டும். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்குக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி தடுப்பூசி போடுவதும், பலகை இடுக்குகளில் பகலில் ஒளிந்து இரவில் கோழியின் இரத்தத்தை உறிஞ்சும் கோழியுண்ணி தங்காதபடி விரிசல்களைப் பூசி அடைப்பதும் கூண்டைக் கட்டும்போதே திட்டமிட வேண்டியவை. நோயால் இறந்த கோழியை நாய்க்குப் போடுவது நாய்க்கும் கேடு, எஞ்சிய கோழிகளுக்கும் கேடு. அதை ஆழமான குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, நாய் தோண்டி எடுக்காதபடி மேலே கனத்த கல்லை வைக்க வேண்டும்.