மௌஸ் வேண்டாம், காது போதும்!

ஆவடியில பஸ் ஏறினா பூந்தமல்லி. அங்கே பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரை எப்படி இயக்குவார்கள்?

மௌஸ் உதவாது. அம்புக்குறி எங்கே நிற்குதுன்னு பார்க்கணுமே! திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் துணை. விண்டோஸில் என்.வி.டி.ஏ. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கியது. அவரும் பார்வையற்றவர். இலவசம், தமிழும் வாசிக்கும். லினக்ஸில் ஆர்கா, மேக்கில் வாய்ஸ்ஓவர்.

ஐகானுக்குள் பெயர் எழுதி வைக்காவிட்டால் இவை திணறும். ஆனால் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் கேள்வியும் எழுத்து, பதிலும் எழுத்து. அதனால் பலருக்கு அது வசதி.

அதிலும் தொல்லை உண்டு. விண்டோஸில் 'டி.ஐ.ஆர்.' அடித்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தேதி, நேரம், அளவு எல்லாம் வாசிக்கும். காது வலிச்சுடும்! கூடவே சாய்கோடும் 'பி'யும் சேர்த்தால் பெயர் மட்டும் வரும். லினக்ஸில் 'எல்.எஸ்.' அடித்து, இடம் விட்டு, கழித்தல் குறியும் 1-ம் போட்டால் வரிக்கு ஒரு பெயர்.

தப்பைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டும் புரோகிராம்தான் மோசம். நிறம் காதில் விழுமா? 'எரர்' என்று எழுத என்ன கஷ்டம்?

புணேயில் பிறந்த டி.வி.ராமன் 14 வயதில் பார்வை இழந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தார். 1995-ல் அவர் வெளியிட்ட 'ஈமேக்ஸ்பீக்' நிறம் மாறும் இடத்தில் குரலை மாற்றிப் பேசும்!

அடுத்த லேப் பீரியடில் என்.வி.டி.ஏ.வை ஓடவிட்டு, மானிட்டரை அணைச்சிட்டு, உங்க ஃபைலைத் தேடுங்க பார்ப்போம்.