வன்தட்டின் ஓசையை அடக்கும் நீர்

பகலில் எவர் காதிலும் விழாத வன்தட்டின் ரீங்காரம், ஊர் அடங்கிய பின் படுக்கையறை வரை கேட்கிறது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 அதிர்வுகளை எழுப்புகிறது; கணினிப் பெட்டியின் தகடு அதைப் பறைபோல் பெருக்கிவிடுகிறது. திருமணப் படங்கள், வருமான வரிக் கணக்குகள், பத்திர நகல்கள் என்று குடும்பத்தின் ஆவணங்களை மூன்று நான்கு வன்தட்டுகளில் சேமித்து, அவற்றை இரவும் பகலும் ஓடவிடும் இல்லங்களில் இது சிறு தொல்லை அன்று.

ஓசையை அடக்குவது எளிது. வன்தட்டைத் தகட்டில் முடுக்காமல் ரப்பர்ப் பட்டைகளில் தொங்கவிட்டு, நுரைப்பஞ்சு ஒட்டிய பெட்டிக்குள் மூடிவிடலாம். ஆனால், மூடிய பெட்டியில் வெப்பம் தங்கும். அதை வெளியேற்ற விசிறி வைத்தால் அதன் இரைச்சல் வந்து சேரும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கே நீர் தேவைப்படுகிறது.

ஒரு வன்தட்டு ஏறத்தாழ 8 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது எனக் கொள்வோம். நான்கிற்கு 32 வாட். நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் ஓடினால், அவ்வளவு வெப்பத்தையும் ஏற்ற பின்னும் நீரின் வெப்பநிலை அரை டிகிரிகூட உயராது. ஆகவே 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய பம்பே போதும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மீன்தொட்டி மோட்டாரைத் தவிர்ப்பது நலம்.

வன்தட்டின் இரு பக்கங்களிலும் திருகுத் துளைகள் உள்ளன. அவற்றில் செம்புப் பட்டைகளைப் பொருத்தி, ஏ.சி. பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் கால் அங்குலச் செம்புக் குழாயைப் பட்டையின்மீது ஈயப் பற்று வைத்து இணைக்க வேண்டும். புதிதாகத் துளையிட்டால் உத்தரவாதம் போய்விடும். நீளமான திருகு உட்புறத்தைச் சிதைக்கும். மேல்மூடியில் உள்ள சிறு காற்றுத் துளையை எதனாலும் அடைக்கக் கூடாது. ரேடியேட்டர் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். 12 செ.மீ. விசிறி ஒன்று மிகக் குறைந்த வேகத்தில் சுழன்றால் போதும். அது காதுக்கு எட்டாது.

ரேடியேட்டரும் செம்பினாலோ பித்தளையினாலோ ஆனதாக இருத்தல் வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் கலந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புப் படியச் செய்யும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே உகந்தது.

தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் இன்னும் நல்லதல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. அறையைவிடக் குளிர்ந்த உலோகத்தில் பனித்துளி படியும். அது மின்சுற்றில் இறங்கினால் வன்தட்டு அன்றே போகும். கடுங்குளிர்ச்சியால் பயனும் இல்லை. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான வெப்பத்திற்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பு காணப்படவில்லை. மிகக் குளிர்ந்தவையே கூடுதலாகப் பழுதாகியிருந்தன. மே மாதத்தில் அறை 38 டிகிரியில் இருக்கையில் வன்தட்டு 45 டிகிரியைத் தொட்டால் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது கசிவுக்கே. கோப்புகள் அனைத்திற்கும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்காமல் இப்பணியைத் தொடங்குவது அறிவுடைமை ஆகாது. வன்தட்டுகளைப் பொருத்துமுன், இணைப்புகளின் கீழ் மெல்லிய காகிதம் விரித்து, 24 மணி நேரம் நீரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

பம்பிற்கான மின்சாரத்தைக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே எடுத்தால், மின்தடையின்போது யு.பி.எஸ். கணினியை ஓட்டும் வரை நீரும் ஓடும். வன்தட்டு தன் வெப்பநிலையைத் தானே அளந்து சொல்லும். அதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. முதல் வாரம் நாள்தோறும் பாருங்கள். 50 டிகிரியைத் தாண்டினால், பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, குழாயில் காற்றுக்குமிழி அடைத்திருக்கிறதா என்று தேடுங்கள்.