அனுப்பிய மெயில் வழியில் காணாமல் போவது எப்படி? இன்பாக்ஸுக்கு முன்னால் நிற்கும் 'மில்டர்' செய்யும் வேலை

"ஆஃபர் லெட்டர் நேத்தே அனுப்பிட்டோமே!" என்கிறார் எச்.ஆர். ஆனால் இன்பாக்ஸில் எதுவும் இல்லை. ஸ்பேம் ஃபோல்டரிலும் இல்லை. அனுப்பியவருக்கும் 'மெயில் போகவில்லை' என்று எந்தத் தகவலும் வரவில்லை. அப்போ அந்த மெயில் எங்கேதான் போச்சு?

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் பலருக்கும் தெரியாத ஒன்று, மெயில் சர்வரின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் புரோகிராம். ஒவ்வொரு மெயிலையும் உள்ளே விடலாமா, திருப்பி அனுப்பலாமா, சத்தமில்லாமல் தூக்கி எறியலாமா என்று சில விநாடிகளில் முடிவு செய்வது அதுதான். அந்த முடிவை எந்தக் கட்டத்தில், எந்தப் பதிலாகச் சொல்கிறது என்பதைப் பொறுத்தே, மெயில் போய்ச் சேராத விஷயம் அனுப்பியவருக்குத் தெரியவரும், அல்லது கடைசி வரை தெரியாமலே போகும்.

சர்வர்கள் பேசிக்கொள்வது என்ன?

'சென்ட்' பட்டனை அழுத்தியதும் மெயில் நேராக இன்பாக்ஸுக்குப் பறந்துவிடுவதில்லை. அனுப்பும் சர்வரும் பெறும் சர்வரும் முதலில் ஒரு சின்ன உரையாடல் நடத்துகின்றன. அந்த உரையாடலின் மொழிக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982-ல் வரையறுக்கப்பட்ட இந்த மொழியின் அடிப்படை இன்றும் அதேதான்.

உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும். அனுப்பும் சர்வர், "வணக்கம், நான் இன்ன சர்வர்" என்கிறது. அடுத்து "இந்த முகவரியிலிருந்து மெயில்" என்கிறது. பிறகு "இவருக்குக் கொடுக்கணும்". பெறும் சர்வர் ஒவ்வொன்றுக்கும் '250', அதாவது 'சரி' என்று பதில் தருகிறது. அதன்பின் மெயிலின் உள்ளடக்கம் முழுவதும் வருகிறது. கடைசியாக ஒரே ஒரு புள்ளி மட்டும் உள்ள வரி வந்தால் 'முடிந்தது' என்று பொருள்.

அந்தப் புள்ளிக்குப் பிறகு பெறும் சர்வர் சொல்லும் '250' சாதாரண 'சரி' இல்லை. "மெயிலை வாங்கிக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு" என்ற உறுதிமொழி அது. இதைக் கேட்டதும் அனுப்பிய சர்வர் தன் வரிசையிலிருந்து அந்த மெயிலை நீக்கிவிடும்.

அதனால், மெயிலில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க மிகச் சரியான நேரம் அந்தக் கடைசி '250' சொல்வதற்கு முன்புதான். ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? ஸ்பேம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வேறு யாருடைய முகவரியையோதான் போட்டிருப்பார்கள். திரும்பும் மெயில் அந்த அப்பாவியின் இன்பாக்ஸில் போய் விழும்.

மில்டர் எப்படி வந்தது?

1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் எழுதிய மெயில் சர்வர் மென்பொருள் 'சென்ட்மெயில்'. நீண்ட காலம் இணையத்தின் மெயில் போக்குவரத்தில் பெரும்பங்கை அதுதான் சுமந்தது. 1999-ல் மெலிஸா, 2000-ல் ஐ லவ் யூ என்று மெயில் வழியாகப் பரவிய வைரஸ்கள் உலகம் முழுக்க அலுவலகங்களைத் திணறடித்தன. ஸ்பேமும் பெருகியது.

வைரஸ் சோதனை, ஸ்பேம் சோதனை என எல்லாவற்றையும் மெயில் சர்வருக்குள்ளேயே எழுதினால் அது தாங்காது. சோதிக்கும் புரோகிராமில் ஒரு பிழை வந்தால் சர்வரே விழுந்துவிடும். எனவே சோதனை வேலையைத் தனி புரோகிராமிடம் கொடுத்துவிட்டு, இரண்டும் பேசிக்கொள்ள ஒரு ஒழுங்கை உருவாக்கினார்கள். 'மெயில்', 'ஃபில்டர்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து 'மில்டர்' ஆனது. சென்ட்மெயிலுக்காக உருவான இந்த ஒழுங்கை, வீட்சே வெனெமா உருவாக்கிய 'போஸ்ட்ஃபிக்ஸ்' சர்வரும் 2006-ல் ஏற்றுக்கொண்டது. அதனால் ஒரு சர்வருக்கு எழுதிய ஃபில்டரை மற்றொன்றிலும் பயன்படுத்த முடிகிறது.

'கால்பேக்' என்றால் என்ன?

அபார்ட்மென்ட் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியை நினைத்துப் பாருங்கள். ஃபிளாட்காரர் நாள் முழுக்க கேட்டில் வந்து நிற்பதில்லை. "யாராவது வந்தா இன்டர்காம்ல கூப்பிடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார். டெலிவரி ஆள் வந்ததும் செக்யூரிட்டி கூப்பிடுகிறார்: "சார், பார்சல் வந்திருக்கு, விடலாமா?" பதில் வரும் வரை டெலிவரி ஆள் கேட்டிலேயே காத்திருக்கிறார்.

மில்டரும் இதே கதைதான். ஃபில்டர் புரோகிராம் தொடங்கும்போதே, 'இந்தக் கட்டம் வந்தால் என்னுடைய இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று ஒரு பட்டியலைப் பதிவு செய்துவிடும். பிறகு சும்மா காத்திருக்கும். மெயில் சர்வர் அந்தந்தக் கட்டத்தை எட்டும்போது தகவலை அனுப்ப, பதிவு செய்த ஃபங்ஷன் ஓடும். இப்படி 'நேரம் வரும்போது கூப்பிடு' என்று கொடுத்துவைக்கும் ஃபங்ஷனுக்குத்தான் 'கால்பேக்' என்று பெயர். தேவையில்லாத கட்டங்களுக்கு எதுவும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

எந்தெந்தக் கட்டத்தில் அழைப்பு வரும்?

கனெக்ட்: யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவர்களுடைய ஐபி முகவரி ஃபில்டருக்குக் கிடைக்கிறது. மோசமான ஐபி என்று ஏற்கெனவே தெரிந்தால் இங்கேயே கதவைச் சாத்தலாம்.

ஹெலோ: வந்த சர்வர் தன் பெயரைச் சொல்கிறது. அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அனுப்புநர்: உறையின் மேல் எழுதப்பட்ட அனுப்புநர் முகவரி. மெயிலைத் திறந்தால் தெரியும் 'ஃப்ரம்' முகவரி வேறு, இது வேறு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பல மோசடி மெயில்கள் இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகின்றன.

பெறுநர்: ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்தனியாக ஒரு முறை அழைப்பு. பத்துப் பேருக்கு வந்த மெயிலில் ஒருவரை மட்டும் நிராகரித்துவிட்டு ஒன்பது பேருக்கு விடலாம்.

ஹெடர்: தலைப்பு, தேதி, ஃப்ரம் என ஒவ்வொரு வரிக்கும் ஓர் அழைப்பு. எல்லாம் முடிந்ததும் 'ஹெடர் முடிந்தது' என்று இன்னொன்று.

பாடி: மெயிலின் உடல் துண்டு துண்டாக வரும். வழக்கமாக ஒரு துண்டு அதிகபட்சம் 65,535 பைட். வைரஸின் அடையாளம் ஒரு துண்டின் முடிவில் தொடங்கி அடுத்த துண்டில் முடியலாம். அதனால் ஃபில்டர் துண்டுகளைச் சேர்த்து வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

மெயில் முடிந்தது: தீர்ப்பு சொல்லும் இடம் இது. மெயில் முழுவதும் வந்துவிட்டது, ஆனால் சர்வர் இன்னும் கடைசி '250' சொல்லவில்லை. ஹெடர் சேர்ப்பது, உள்ளடக்கத்தை மாற்றுவது, பெறுநரை நீக்குவது, தனியாகப் பிடித்துவைப்பது எல்லாமே இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான் அனுமதி. முழுசா பார்த்து முடிக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் யோசனை.

இவை தவிர, பாதியில் மெயில் கைவிடப்பட்டால் 'அபார்ட்', இணைப்பு மூடப்பட்டால் 'க்ளோஸ்' என்று இரண்டு அழைப்புகள் உண்டு.

ஃபில்டர் என்ன பதில் சொல்லலாம்?

ஒவ்வொரு அழைப்புக்கும் ஃபில்டர் ஒரு பதில் தந்தாக வேண்டும். முக்கியமானவை ஐந்து.

தொடரு: இதுவரை பிரச்சினை இல்லை, அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஏற்றுக்கொள்: இனி என்னைக் கேட்க வேண்டாம், இந்த மெயிலை விடு.

நிராகரி: 5-ல் தொடங்கும் குறியீடு போகும். நிரந்தர மறுப்பு. அனுப்பிய சர்வர் தன் ஆளுக்கு 'மெயில் போகவில்லை' என்று தகவல் சொல்லும்.

அப்புறம் வா: 4-ல் தொடங்கும் குறியீடு. தற்காலிக மறுப்பு. அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்து, மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாட்கள் வரையாவது முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதிகளின் பரிந்துரை.

தூக்கி எறி: சிக்கலே இதில்தான். அனுப்பியவரிடம் '250, வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டு, மெயிலைக் குப்பையில் போடுவது. அனுப்பியவர் மெயில் போய்விட்டது என்று நினைப்பார். பெறுபவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது.

உறுதியான வைரஸ் மெயிலைச் சத்தமில்லாமல் எறிவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'ஸ்பேம் மாதிரி இருக்கு' என்ற சந்தேகத்துக்கே இந்தப் பதிலைத் தந்தால், தவறாகச் சிக்கிய ஆஃபர் லெட்டரும் டெண்டர் மெயிலும் தடயமே இல்லாமல் மறையும். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொன்னால் அனுப்பியவர் போன் செய்வார், வேறு முகவரிக்கு அனுப்புவார். பதிலே வராத இடத்தில் அவருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

சில மெயில் ஏன் லேட்டா வருது?

மேலே சொன்ன 'அப்புறம் வா' பதிலை வைத்தே ஒரு ஸ்பேம் தடுப்பு உத்தி இருக்கிறது. பெயர் 'கிரேலிஸ்டிங்'. 2003-ல் இவான் ஹாரிஸ் இதை முன்வைத்தார். இதுவரை பார்த்திராத ஐபி, அனுப்புநர், பெறுநர் கூட்டணி வந்தால், முதல் முறை தற்காலிகமாக மறுத்துவிடுவார்கள். ஒழுங்கான சர்வர் சற்று நேரம் கழித்துத் திரும்ப வரும். லட்சக்கணக்கில் ஸ்பேம் கொட்டும் புரோகிராம்கள் பல, திரும்பி வருவதில்லை. புதிதாகப் பதிவு செய்த தளத்திலிருந்து முதல் ஓடிபி மெயில் தாமதமாக வந்தால், இது ஒரு காரணமாக இருக்கலாம். பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி அரை மணி நேரம் கழித்து வந்து என்ன பிரயோஜனம் என்பது இந்த முறையின் மீதுள்ள நியாயமான புகார்.

ஃபில்டரே படுத்துட்டா?

இன்டர்காமில் ஃபிளாட்காரர் எடுக்கவே இல்லை என்றால் செக்யூரிட்டி என்ன செய்வார்? மெயில் சர்வருக்கும் அதே கேள்விதான். போஸ்ட்ஃபிக்ஸில் யாரும் எதையும் மாற்றாவிட்டால், 'அப்புறம் வா' என்று சொல்லும். மெயில் தாமதமாகும், ஆனால் தொலையாது. சென்ட்மெயிலில் தனியாக எதுவும் அமைக்காவிட்டால், ஃபில்டர் இல்லாததுபோலவே மெயிலை உள்ளே விட்டுவிடும். தாமதம் இல்லை, ஆனால் சோதனையும் இல்லை. எது சரி என்பதை அந்தந்த நிறுவனத்தின் அட்மின்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

வேகமும் முக்கியம். கடைசிப் புள்ளிக்குப் பிறகு பதிலுக்காக 10 நிமிடம் காத்திருக்கும்படி அனுப்பும் சர்வர்களுக்கு விதிகள் பரிந்துரைக்கின்றன. ஃபில்டர் அதற்கு மேல் யோசித்தால் இணைப்பு அறுந்துவிடும். அனுப்பிய சர்வர் அதே மெயிலோடு மறுபடி வரும்.

டெவலப்பர்கள் சறுக்கும் இடம்

ஒரே நேரத்தில் பல இணைப்புகள் வரும், ஒரே இணைப்பில் பல மெயில்களும் வரலாம். இணைப்பு தொடர்பான கால்பேக் ஒரு முறை, மெயில் தொடர்பானவை ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு முறை. பெறுநர் பட்டியலைப் பொதுவான ஒரு குளோபல் வேரியபிளில் வைத்தால், ஒருவருடைய மெயிலின் விவரம் இன்னொருவருடையதோடு கலந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித் தரவு வைத்துக்கொள்ள மில்டர் வழி தருகிறது. ஒரு மெயில் முடிந்ததும் அதன் விவரங்களைத் துடைத்துவிட வேண்டியது டெவலப்பரின் பொறுப்பு.

வரிசையும் முக்கியம். ஒரு ஃபில்டர் மெயிலுக்கு 'டிகேஐஎம்' எனும் டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு இன்னொரு ஃபில்டர் 'இந்த மெயில் வைரஸ் சோதனை செய்யப்பட்டது' என்று கீழே ஒரு வரி சேர்த்தால், கையெழுத்து பொதுவாகப் பொருந்தாமல் போகும். நல்ல மெயிலே எதிர்முனையில் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மெயில் திரும்பி வந்தால், அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். 5-ல் தொடங்கினால் அதையே மறுபடி அனுப்புவதில் பலனில்லை. முகவரி, அட்டாச்மென்ட், அனுப்பும் டொமைன் மூன்றையும் சரிபாருங்கள். 4-ல் தொடங்கினால் பொறுங்கள், சர்வரே மீண்டும் முயலும். பத்து முறை சென்ட் அழுத்தினால் பத்து மெயிலும் போய் நிற்கும்.

எந்தத் தகவலும் வராவிட்டால், அனுப்பியவரின் ஐடி குழுவிடம் சர்வர் லாகைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்முனை கடைசியில் '250' சொல்லியிருந்தால், மெயில் கைமாறிவிட்டது. அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி பெறும் நிறுவனத்தின் அட்மினிடம்: ஸ்பேமில் போட்டீர்களா, தனியாகப் பிடித்து வைத்திருக்கிறீர்களா, அல்லது சொல்லாமல் எறிந்துவிட்டீர்களா? நேரமும் பெறுநர் முகவரியும் கொடுத்தால், பதிவுகள் வைத்திருக்கும் அட்மின் இதைத் தேடிச் சொல்லிவிட முடியும்.