உணவகப் பலகையில் உரிமையாளர் பெயர்

புது தில்லி: சாலையோர உணவகத்தில் அமர்பவர் சைவமா, அசைவமா என்று கேட்பார், கல்லாவில் இருப்பவரின் பெயரைக் கேட்பதில்லை. 2024 ஜூலையில், சிவ பக்தர்களின் காவடி யாத்திரைப் பாதையில் உள்ள உணவகங்கள் உரிமையாளர் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று முசாஃபர்நகர் போலீஸார் கூறினர். பின்னர் அது உத்தரப் பிரதேசம் முழுவதற்கும் விரிந்தது. முஸ்லிம் ஊழியர்களைச் சில கடைகள் நிறுத்தியதாகவும் செய்திகள் வந்தன.

ஜூலை 22-இல் உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உணவின் வகையை அறிவித்தால் போதும் என்றது. கேரளத்தில் ஹிந்து நடத்திய சைவ உணவகத்தைவிட முஸ்லிம் நடத்தியதையே, தூய்மை கருதி, தாம் நாடியதாக நீதிபதி எஸ்.வி.என். பட்டி விசாரணையில் குறிப்பிட்டார்.

2025-இல் கியூஆர் குறியீட்டு வடிவில் பிரச்னை திரும்பியது. உரிமத்தையும் பதிவுச் சான்றிதழையும் காட்சிக்கு வைக்கக் கூறிய நீதிமன்றம், மற்றவற்றுக்குள் செல்லவில்லை. அந்த உரிமத்தில் உரிமம் பெற்றவரின் பெயரும் உண்டு.